‘ஷுட்’னா செய்யணுமா, செய்தா நல்லதா?



போன எபிசோடில் டாக்குமென்டேஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால எனக்கு ஒரு கான்ட்ராக்ட் போச்சு”ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டேன். அது என்ன வார்த்தைன்னு கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. பேசிச் சொல்வதைவிட எழுதிச் சொன்னால்தான் சரியா வரும் என்று தோன்றியது. அதனால் இந்த வார நியூஸ்லெட்டர் முழுக்க அந்த வார்த்தைதான்.

வார்த்தை: ஷுட். துப்பாக்கி எடுத்துச் சுடுகிற ‘ஷூட்’ இல்லைங்க. “யூ ஷுட் டு திஸ்” என்பதில் வருகிற குட்டி ‘ஷுட்’. ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம், இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி 2 மணி, ஏழாவது படி

சில வருஷத்துக்கு முன்னாடி, இங்கே இங்கிலாந்தில், ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு ஆறு மாச கான்ட்ராக்ட். பழைய டேட்டாபேஸ் சர்வரிலிருந்து புதுசுக்கு மாற்றும் வேலை. அதற்கான ரன்புக்கை எழுதியது நான்தான். ரன்புக் என்றால், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒருத்தர் ஒவ்வொரு படியாகப் பார்த்துச் செய்துகொண்டே போவதற்கான பட்டியல்.

மாற்றுகிற முறை ரொம்ப சாதாரணமானது. பழைய சர்வரில் எழுதப்படுகிற ஒவ்வொன்றும் சற்றுத் தாமதமாகப் புது சர்வருக்கும் போய்ச் சேரும். இந்தத் தாமதத்துக்குப் பேர் ரெப்ளிகேஷன் லேக். புது ஆர்டர் வருவதை நிறுத்திவிட்டு, லேக் ஜீரோ ஆகும்வரை காத்திருந்து, அப்புறம் புது சர்வருக்கு மாறணும். ஏழாவது படியில் நான் இங்கிலீஷில் எழுதியிருந்தது இதுதான்: மாற்றுவதற்கு முன் லேக் ஜீரோவாக இருக்க ‘ஷுட்’. அவ்வளவுதான். ஏன் என்று எழுதவில்லை. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை ராத்திரி வேலையில் இருந்தவர் கம்பெனியின் ஆன்-கால் இன்ஜினியர், சேர்ந்து நாலு மாசம் ஆன இளைஞர். ஆர்டரை நிறுத்திய பிறகும் லேக் 40 விநாடியிலேயே நின்றுவிட்டது. பின்னணியில் ஒரு பெரிய பேட்ச் வேலை வழியை அடைத்துக்கொண்டிருந்தது. மெயின்டனன்ஸ் நேரம் முடிய இன்னும் 10 நிமிஷம்தான். அவர் ஏழாவது படியைத் திரும்பப் படித்தார். ‘ஷுட்’ என்று இருந்தது. 40 விநாடிதானே என்று மாற்றிவிட்டார்.

அந்த 40 விநாடியில் வந்திருந்த 31 ஆர்டர்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டன. அது போதாதென்று, புது சர்வர் தனக்குத் தெரிந்த கடைசி ஆர்டர் நம்பரிலிருந்து எண்ண ஆரம்பித்தது. அதனால் அதே 31 நம்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு 31 பேருக்கும் போய்விட்டன. ஒருத்தர் தன் கன்ஃபர்மேஷன் மெயிலில் இருக்கிற லிங்கைத் திறந்தால், முன்பின் தெரியாத இன்னொருத்தரின் வீட்டு முகவரி தெரிகிறது. ரெண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை ரிவ்யூ மீட்டிங். அந்தத் தம்பி ஒரே ஒரு வரிதான் சொன்னார்: “ரன்புக்ல ஷுட்னுதானே இருந்தது?”

ரூமில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரின்யூவல் மூணு வாரத்தில். அவருக்கு ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. யாராவது ஒருத்தர் தலையில் விழப்போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. என் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? “ஷுட்னா பண்ணணும்னுதானேப்பா அர்த்தம்? இதுல என்ன சந்தேகம்?”

நமக்கு எங்கே சிக்குகிறது

நான் படித்தது திருநெல்வேலிப் பக்கம் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வாத்தியார் போர்டில் எழுதிப் போட்டது இன்னும் கண்ணில் இருக்கு. மஸ்ட் என்றால் ‘வேண்டும்’. ஷுட் என்றாலும் ‘வேண்டும்’. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி முடித்து, கம்பெனி மாறி, நாடு மாறி வந்தாலும் தலைக்குள் அந்தப் போர்டு அப்படியேதான் இருந்தது.

‘வேண்டும்’ என்ற சொல் ரொம்ப அகலமானது. “எனக்குக் காபி வேணும்” என்பது ஆசை. “வரி கட்டணும்” என்பது கட்டாயம். “பெரியவங்களை மதிக்கணும்” என்பது அறிவுரை. “ஏழு மணி பஸ் இந்நேரம் வந்திருக்கணுமே” என்பது வெறும் எதிர்பார்ப்பு. இத்தனைக்கும் ஒரே ‘ணும்’. யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘வேணும்’ என்று சொல்லும்போதும் இதே கதைதான். எது எந்த அர்த்தம் என்பதைக் குரலும் இடமும் காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி 2 மணிக்குத் திறக்கிற ஒரு டாக்குமென்ட்டில் குரல் கிடையாது.

இங்கிலீஷ்காரர்களுக்கும் ‘ஷுட்’ ஒரே அர்த்தம் இல்லை என்பதுதான் வேடிக்கை. ‘ஷுட்’ என்பது ‘ஷல்’ என்ற சொல்லின் இறந்தகாலம். ‘ஷல்’ பழைய இங்கிலீஷில் “கடன்பட்டிருக்கிறேன்” என்ற அர்த்தத்தில் வந்தது. ஜெர்மனில் இருக்கிறவங்களுக்கு ‘ஷுல்ட்’ என்ற சொல் தெரிந்திருக்கும்; கடன், குற்றம் ரெண்டுக்கும் அதுதான். அதற்கும் இதற்கும் ஒரே வேர். நம்ம ‘கடன்’ கூட இப்படித்தான். பழைய தமிழில் கடன் என்றால் கடமை. இன்றைக்கும் காலைக்கடன், நேர்த்திக்கடன் என்று சொல்கிறோம், அதில் பணம் எங்கே இருக்கு?

கடமையில் ஆரம்பித்த அந்தச் சொல் காலப்போக்கில் இளகி, இன்றைக்குக் குறைந்தது நாலு வேலை செய்கிறது.

ஒன்று, அறிவுரை. “யூ ஷுட் சீ எ டாக்டர்.” போனால் நல்லது, போகாவிட்டால் உங்க இஷ்டம்.

இரண்டு, எதிர்பார்ப்பு. “இட் ஷுட் வொர்க் நௌ.” நம்ம தொழிலில் தினமும் கேட்பது. இதற்கு “வேலை செய்யும்னு நினைக்கிறேன், நான் சோதித்துப் பார்க்கலை” என்று அர்த்தம். சோதித்தவர் “இட் வொர்க்ஸ்” என்றுதான் சொல்வார்.

மூன்று, ‘ஒருவேளை’. “ஷுட் யூ நீட் எனிதிங்” என்று மெயில் முடிவில் வருமே, அதில் கடமை ஒன்றுமே இல்லை.

நான்கு, குறை சொல்வது. “யூ ஷுட் ஹாவ் டோல்ட் மீ.” சொல்லியிருக்கணும், சொல்லலை.

இதோடு ஊர்ப்பழக்கமும் சேரும். பிரிட்டிஷ் மேனேஜர் ஒருத்தர் “யூ ஷுட் ப்ராபப்ளி ஹாவ் எ லுக் அட் தட்” என்று மெதுவாகச் சொன்னால், பெரும்பாலும் அதற்கு “இன்னைக்கே பார்” என்று அர்த்தம். அதே சொல், பேச்சில் வந்தால் கட்டளை, எழுத்தில் வந்தால் ஆலோசனை. வந்த புதிதில் நான் இதை அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

இன்டர்நெட்டே தனி விளக்கம் எழுதிய வார்த்தை

அந்த ரிவ்யூவுக்கு அப்புறம் நான் திரும்பப் போய்ப் படித்தது ஆர்.எஃப்.சி 2119. 1997 மார்ச்சில் வந்தது. எழுதியவர் ஸ்காட் பிராட்னர், அப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஆர்.எஃப்.சி என்பவை இன்டர்நெட் எப்படி இயங்கணும் என்று ஐ.இ.டி.எஃப் வெளியிடும் ஆவணங்கள். அவற்றில் வருகிற மஸ்ட், ஷுட், மே போன்ற சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்வதற்காகவே எழுதப்பட்டது இது. ரெண்டு மூணு பக்கம்தான்.

சுருக்கமாக என் தமிழில் சொன்னால்:

மஸ்ட் என்றால் பேச்சுக்கே இடமில்லை. செய்யலைன்னா அந்த ஸ்டாண்டர்டைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ‘ஷல்’லும் ‘ரிக்வயர்ட்’டும் இதே கணக்கு.

ஷுட் என்றால், சில சூழ்நிலையில் இதைச் செய்யாமல் விட நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் விட்டால் என்னென்ன ஆகும் என்று முழுசாகப் புரிந்துகொண்டு, எடைபோட்ட பிறகுதான் விடணும்.

மே என்றால் உங்க விருப்பம்.

இது நிஜத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நீங்க தினமும் பயன்படுத்துகிற எச்.டி.டி.பி-யையே பார்க்கலாம். எச்.டி.டி.பி 1.1-ல் பிரவுசர் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் ‘ஹோஸ்ட்’ ஹெடர் அனுப்புவது மஸ்ட். ஏனென்றால் ஒரே ஐ.பி முகவரியில் நூறு வெப்சைட் இருக்கலாம். எந்த சைட் வேணும் என்று சொல்லாவிட்டால் சர்வருக்குத் தெரிய வழியில்லை. ஹோஸ்ட் இல்லாமல் வந்தால் சர்வர் 400 எரர் கொடுத்துத் திருப்பி அனுப்புவதும் மஸ்ட். ஆனால் ‘யூஸர்-ஏஜென்ட்’ ஹெடர், அதாவது நான் இந்த பிரவுசர் என்று சொல்லிக்கொள்வது, வெறும் ஷுட். அனுப்பினால் பிரச்சினையைக் கண்டுபிடிக்க உதவும். வேண்டாம் என்று ஒருத்தர் செட்டிங்கில் அணைத்து வைத்தால் அது நியாயமான காரணம்.

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி-யில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி 5321 படி, ஒரு மெயில் போகலைன்னா உடனே திரும்ப முட்டக் கூடாது, கொஞ்சம் காத்திருப்பது மஸ்ட். எவ்வளவு நேரம்? குறைந்தது 30 நிமிஷம் என்பது ஷுட். காத்திருக்காமல் முட்டினால் எதிர் சர்வருக்குக் கெடுதல், அதனால் அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. எத்தனை நிமிஷம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது, அதனால் அதில் இடம் விட்டிருக்கிறார்கள்.

2017 மே மாதம் பேரி லீபா எழுதிய ஆர்.எஃப்.சி 8174 வந்து இன்னொன்றையும் தெளிவாக்கியது. இந்தச் சொற்களை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும்தான் இந்தத் தனி அர்த்தம். சின்ன எழுத்தில் வந்தால் சாதாரண இங்கிலீஷ். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நமக்கு இந்த வசதி இல்லை. அதனால் சொல்லையே கவனமாகத் தேர்ந்தெடுக்கணும்.

2013 ஏப்ரல் 1-ம் தேதி ஆர்.எஃப்.சி 6919 என்று ஒரு முட்டாள்கள் தின கலாட்டாவும் வந்தது. “மஸ்ட், ஆனா நீங்க செய்யமாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்” என்பது அதில் ஒரு வகை. சிரிப்புக்கு எழுதியதுதான். ஆனா எந்த ப்ராஜெக்டிலும் அந்த வகைதான் அதிகம்.

இதே வித்தியாசம் ரோட்டிலும் இருக்கு

இங்கே லைசென்ஸுக்கு தியரி டெஸ்ட் எழுதியவங்க ஹைவே கோடு புத்தகத்தைப் பார்த்திருப்பீங்க. அதில் ‘மஸ்ட்’ என்று பெரிய எழுத்தில் வந்தால் சட்டம், மீறினால் குற்றம். ‘ஷுட்’ என்று வந்தால், அதை மீறியதற்காக மட்டும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் விபத்து ஆகி கோர்ட்டுக்குப் போனால், நீங்க அதைப் பின்பற்றவில்லை என்பதை உங்களுக்கு எதிராகக் காட்டலாம்.

2022 ஜனவரியில் மாற்றப்பட்ட விதிகளில் ஜீப்ரா கிராஸிங் பற்றிய வரியில் ரெண்டும் சேர்ந்தே வருகிறது. கிராஸிங்கில் கால் வைத்துவிட்டவருக்கு வழிவிடுவது மஸ்ட். ஓரத்தில் காத்து நிற்பவருக்கு வழிவிடுவது ஷுட். ஆக ‘ஷுட்’ என்பது சும்மா சொல்லி வைப்பது இல்லை. விட்டுவிடலாம், ஆனா விட்டதற்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

இதைப் படித்தபோதுதான் என் தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்தது. மஸ்ட் போட வேண்டிய இடத்தில் ஷுட் போட்டது பாதித் தப்புதான். மீதிப் பாதி என்னன்னா, ஷுட் என்றால் விளைவுகளை எடைபோட்டு முடிவெடு என்று அர்த்தம். எடைபோட அந்தத் தம்பிக்கு நான் என்ன கொடுத்திருந்தேன்? லேக் இருக்கும்போது மாற்றினால் ஆர்டர் நம்பர் இரட்டையாகும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவர் மாற்றியிருக்கவே மாட்டார். எனக்குத் தெரிந்தது, எழுதவில்லை. அவர் தனக்குத் தெரிந்ததை வைத்து எடைபோட்டார்: 40 விநாடி ஒரு பக்கம், காலையில் கடை திறக்காமல் போவது இன்னொரு பக்கம்.

சரி, மஸ்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 10 நிமிஷம்தான் இருக்கு, லேக் இறங்கவில்லை, மாற்றவும் கூடாது. அப்போ என்ன செய்வது? அதையும் நான் எழுதவில்லை.

நான் இப்போ எழுதுகிற விதம்

தமிழில் யோசிக்கும்போதே பிரித்துக்கொள்கிறேன். உண்மையில் நம்ம மொழியில் படிகள் இருக்கத்தான் செய்கின்றன; ‘ணும்’ ஒன்றையே பிடித்துத் தொங்குவதுதான் பிரச்சினை.

“செய்தே ஆகணும்” என்று மனசுக்குள் வந்தால் மஸ்ட்.

“செய்தா நல்லது” என்று வந்தால் ஷுட். அப்போ ஏன் நல்லது என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன். காரணம் எழுத முடியலைன்னா அந்த வரியே தேவையில்லை.

“செய்யலாம்” என்றால் மே. 

“செய்யக் கூடாது” என்றால் மஸ்ட் நாட். 

“செய்ய வேண்டாம்” என்று வந்தால் மட்டும் நிறுத்தி யோசிப்பேன். “ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்றால் பண்ணாதே என்றா, பண்ணத் தேவையில்லை என்றா? இங்கிலீஷில் ரெண்டும் வேற வேற. முதலாவது மஸ்ட் நாட், ரெண்டாவது டோன்ட் நீட் டு. மே நாட் என்று எழுதவே மாட்டேன். அனுமதி இல்லை என்றும் படிக்கலாம், நடக்காமல் போகலாம் என்றும் படிக்கலாம். ஆர்.எஃப்.சி 2119-ன் பட்டியலிலேயே அது கிடையாது.

வெறும் ‘செய்யணும்’ என்று மட்டும் வந்தால், அது மேலே சொன்ன எது என்று தீர்மானிக்கும்வரை எழுதுவதில்லை.

என்னை மாதிரி கான்ட்ராக்டில் இருக்கிறவங்களுக்கு இன்னொன்று. வேலை விவர ஒப்பந்தம் வரும்போது, உங்க பக்கத்துக் கடமைகளுக்கு ‘ஷல்’லும், கிளையன்ட் பக்கத்துக் கடமைகளுக்கு ‘ஷுட்’டும் இருக்கான்னு பாருங்க. “கான்ட்ராக்டர் ஷல் 30-ம் தேதிக்குள் முடித்துத் தர”, “கிளையன்ட் ஷுட் சிஸ்டம் ஆக்ஸஸ் தர” என்று இருந்தால், ஆக்ஸஸ் தராமல் இழுத்தடித்தாலும் தேதி உங்க கழுத்தில்தான் இருக்கும். நான் வக்கீல் இல்லை. ஆனா கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி “இதை ஷல்னு மாத்தலாமா?” என்று கேட்டுப் பாருங்க. என்ன பதில் வருகிறது என்பதிலேயே நிறைய தெரிந்துவிடும்.

அந்த ஏழாவது படியைத் திரும்ப எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: “லேக் ஜீரோ ஆகும்வரை மாற்றக் கூடாது. மாற்றினால் ஒரே ஆர்டர் நம்பர் ரெண்டு பேருக்குப் போகும். 15 நிமிஷத்தில் ஜீரோ ஆகலைன்னா பழைய சர்வரையே திரும்பத் திறக்கவும், எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணவும்.” ஒரு வரி மூணு வரி ஆகிவிட்டது. ரெண்டாவது தடவை அதே தம்பி அதை வைத்துத்தான் மாற்றினார். எனக்குப் போன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்

அன்றைக்கு ரூமில் என்ன சொன்னேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன் இல்லையா?

“எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, அவர் என்னைக் கேட்டிருக்கலாமே” என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நான் 12 வருஷ அனுபவசாலி, அவர் நாலு மாசத்துப் பையன். நான் வந்த புதிதில் இப்படி ஒரு ரூமில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. “அவர் படிச்சது சரிதான். நான் எழுதினதுதான் தப்பு”ன்னு சொன்னேன். ரிப்போர்ட்டிலும் அப்படியே போட்டேன்.

ஆறு மாச ரின்யூவல் எதிர்பார்த்தேன். ஒரு மாசம்தான் கொடுத்தார்கள், அதோடு முடிந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வேலை கிடைக்க ஏழு வாரம் ஆனது. வீட்டு லோன் கட்டுகிற எங்களுக்கு அது லேசான ஏழு வாரம் இல்லை. அந்தத் தம்பிக்கு ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியானது என்று பிறகு மெசேஜ் அனுப்பியிருந்தார்.

சரி, இந்த வார வேலை. உங்க டீமின் ரன்புக்கோ செக்லிஸ்ட்டோ ஒன்றைத் திறந்து, ‘ஷுட்’ என்று தேடிப் பாருங்க. ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு கேள்வி: இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? அது பக்கத்தில் எழுதியிருக்கா? எத்தனை ‘ஷுட்’ உண்மையில் ‘மஸ்ட்’டாக இருந்தது என்று எனக்கு எழுதி அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம். இந்த ‘வேண்டாம்’ மஸ்ட் நாட் வகை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேட்டுக்கிட்டே இருங்க.